பாபிலோனின் சரக்குச் சீட்டை வாசிப்பது எப்படி? தீர்க்கதரிசன நூல்களில் வரும் பழங்கால வணிகப் பொருள்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பைபிளின் கடைசி நூல், யோவான் எழுதிய வெளிப்படுத்தின விசேஷம் (சுருக்கமாக வெளிப்படுத்தல்). அதன் 18ஆம் அதிகாரத்தை ஆராதனையில் யாராவது வாசிக்கும்போது கவனித்துப் பாருங்கள். "மகா பாபிலோன் விழுந்தது" என்ற இடத்தில் குரல் உயரும். 12ஆம் வசனம் வந்ததும் வேகம் பிடிக்கும். பொன், வெள்ளி, இரத்தினங்கள், முத்துகள், சல்லா, இரத்தாம்பரம், பட்டு, சிவப்பாடை என்று மூச்சுவிடாமல் ஓடி, 14ஆம் வசனத்தில் வந்துதான் நிற்பார்கள். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எசேக்கியேலின் நூலில் 27ஆம் அதிகாரத்துக்கும் இதே கதிதான். அங்கே சரக்குகளோடு வாயில் நுழையாத ஊர்ப் பெயர்களும் சேர்ந்துகொள்வதால் பலர் அந்த அதிகாரத்தின் பக்கமே போவதில்லை.

ஒரு வீட்டு மளிகைச் சீட்டு தெருவில் கிடந்து, எடுத்துப் பார்த்தால் அந்த வீட்டைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், விசேஷம் வருகிறதா, மாதக் கடைசியா, கைக்குழந்தை உண்டா என்று எல்லாம் அதில் இருக்கும். தீர்க்கதரிசிகள் அப்படி ஒரு நகரத்தின் சீட்டை நம் கையில் தந்திருக்கிறார்கள். அதை எப்படி வாசிப்பது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

முன்பு நான் போன ஒரு வேதபாட வகுப்பில் இதற்கு ஒரு அட்டவணையே இருந்தது. பொன் என்றால் விசுவாசம், வெள்ளி என்றால் மீட்பு, வெண்கலம் என்றால் நியாயத்தீர்ப்பு. யானைத் தந்தம் வந்ததும் சொல்லிக்கொடுத்தவர் சற்றுத் தடுமாறினார். மாவு, மாடு, வண்டி என்று வந்தபோது நேரமாகிவிட்டது என்று ஜெபம் செய்து முடித்துவிட்டார். நானும் அதையெல்லாம் நோட்டில் கோடு போட்டு எழுதியவன்தான், குறை சொல்ல வாயில்லை. ஆனால் இவை உருவகமாவதற்கு முன்னால் உண்மையான சரக்குகள். இவற்றுக்கு விலை இருந்தது, சுங்கம் இருந்தது, நாற்றம் இருந்தது, மூட்டை தூக்கியவன் இருந்தான். அங்கிருந்து தொடங்கினால்தான் தீர்க்கதரிசி பேசுவது காதில் விழும்.

தேவையானவை அதிகமில்லை. பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, புதிய மொழிபெயர்ப்பு ஒன்று, ஒரு நோட்டு, பைபிளின் பின்பக்கத்தில் இருக்கும் வரைபடங்கள். இரண்டு மாலைப்பொழுதுகள் போதும்.

முதல் படி: இரண்டு பட்டியல்களையும் அருகருகே எழுதுங்கள்

ஏசாயா 3இல் பெண்களின் நகைப் பட்டியல், ஆமோஸ் 6இல் தந்தக் கட்டில், ஏசாயா 60இல் ஒட்டகச் சுமைகள் என்று வேறு இடங்களும் உண்டு. ஆனால் ஆரம்பிக்க எசேக்கியேல் 27:12-24, வெளிப்படுத்தல் 18:12-13 இரண்டும் போதும். கையால் எழுதுங்கள். எழுதும்போதுதான் கை ஒரு இடத்தில் தயங்கும், அந்தத் தயக்கம் பயன்படும்.

எழுதி முடித்ததும் முதல் வித்தியாசம் தெரியும். எசேக்கியேல் ஊர்வாரியாகப் போகிறார். தர்ஷீசிலிருந்து வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம். தொகர்மாவிலிருந்து குதிரைகளும் கோவேறு கழுதைகளும். யூதாவும் இஸ்ரவேலும் கொண்டுவந்தவை கோதுமை, தேன், எண்ணெய், பிசின் தைலம். தமஸ்குவிலிருந்து திராட்சரசமும் வெள்ளைக் கம்பளியும். சேபாவிலிருந்து வாசனைத் திரவியம், இரத்தினம், பொன். யோவானின் பட்டியலில் ஊரே இல்லை. நகை, துணி, மரச்சாமான், வாசனை, உணவு, கால்நடை என்று கடைக்குள் அடுக்கி வைத்ததுபோல வகைவாரியாகப் போகிறது. எசேக்கியேலில் விற்பவர்களின் முகம் தெரிகிறது. வெளிப்படுத்தலில் வாங்குகிறவளின் முகம் மட்டும்தான் தெரிகிறது.

கிரேக்க மூலத்தில் யோவானின் பட்டியலை எண்ணினால் 28 பொருள்கள் வரும். நான்கு ஏழுகள். ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம் என்று எழுதியவர் இதையும் எண்ணித்தான் எழுதியிருப்பார் என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். பூமியின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒன்று விடாமல் வந்தது என்ற கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது. உங்கள் பைபிளில் எண்ணிக்கை குறைந்தால் குழம்ப வேண்டாம். இலவங்கப்பட்டைக்கு அடுத்து 'அமோமோன்' என்றொரு வாசனைப் பொருள் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இருக்கிறது. பிற்காலப் பிரதிகளை வைத்து மொழிபெயர்த்தவர்களிடம் அது விட்டுப்போனது.

இரண்டாம் படி: எந்த ஊர், எந்தக் காலம்

எசேக்கியேல் பாடுவது தீரு பட்டணத்தைப் பற்றி. இன்றைய லெபனான் கரையில், அப்போது கரையை விட்டுத் தள்ளித் தீவாக இருந்த ஊர். காலம் ஏறக்குறைய கி.மு. 587-586, எருசலேம் விழுந்த சமயம். பாடுகிறவர் யார் என்றும் பாருங்கள். கடலே இல்லாத பாபிலோனியச் சமவெளியில், கேபார் ஆற்றங்கரையில் சிறையிருப்பில் இருக்கும் ஒரு ஆசாரியர். அவர் தீருவை ஒரு கப்பலாகவே பார்க்கிறார். பலகை சேனீரிலிருந்து, பாய்மரம் லீபனோன் கேதுருவில், துடுப்பு பாசான் கர்வாலி மரத்தில், தளம் கித்தீம் தீவுகளின் மரத்தில் தந்தம் பதித்து, பாய் எகிப்தின் சித்திரத்தையல் துணியில். இப்படி ஒரு கப்பல் எந்தத் துறையிலும் நின்றதில்லை. பாயில் பூவேலை செய்து கடலுக்குப் போகிறவன் எவன்?

25ஆம் வசனத்தில் அந்தக் கப்பல் நடுக்கடலில் மிகவும் 'கனமாயிற்று' என்று எபிரெயத்தில் வருகிறது. அந்த வேர்ச்சொல்லுக்கு எடை என்றும் மகிமை என்றும் இரண்டு பொருள். தமிழுக்கு இது வேற்றுச் சங்கதியே இல்லை. மூட்டையும் கனம்தான், தகப்பனையும் தாயையும் 'கனம்பண்ணு' என்பதிலும் கனம்தான். அடுத்த வசனத்திலேயே கீழ்க்காற்று அடித்துக் கப்பல் உடைகிறது. மகிமையா, பாரமா என்று எசேக்கியேல் பிரித்துச் சொல்லவில்லை.

வெளிப்படுத்தலின் பாபிலோன், முதல் வாசகர்களுக்கு ரோம். 17ஆம் அதிகாரத்தின் ஏழு மலைகளும், பூமியின் ராஜாக்கள்மேல் ஆளுகை செய்யும் மகா நகரம் என்ற வார்த்தையும் அவர்களுக்கு வேறு எந்த ஊரையும் நினைவூட்டியிருக்காது. நூல் எழுதப்பட்ட காலத்தை ரோமப் பேரரசர் டொமிஷியன் ஆட்சியின் கடைசி, கி.பி. 95 வாக்கில் என்று பெரும்பாலோர் வைக்கிறார்கள். கடைசிக் காலத்து நகரம் ஒன்றையும் இது குறிக்கிறது என்று நம்புகிறவர்கள் நம்பலாம், அதற்கு இந்த வழிகாட்டி குறுக்கே வராது. ஆனால் பட்டியலில் இருக்கும் சரக்கு ரோமுக்கு வந்த சரக்கு.

மூன்றாம் படி: ஒரே ஒரு பொருளைப் பிடித்து அதன் ஊர்வரை போங்கள்

28 பொருளையும் துரத்த வேண்டாம், ஒன்று போதும். நான் எப்போதும் எடுப்பது இரத்தாம்பரம்.

இது ஒரு வகை முள் சங்கிலிருந்து எடுக்கும் சாயம். தீரு, சீதோன் கரையோரம் முழுக்க இதுதான் தொழில். ஒவ்வொரு சங்கிலும் ஒரு சிறு சுரப்பி, அதில் ஒரு சொட்டு. எடுக்கும்போது நிறமே இருக்காது. காற்றும் வெளிச்சமும் பட்டால் மஞ்சளாகி, பச்சையாகி, கடைசியில் ஊதா கலந்த சிவப்பாக மாறும். 1909இல் ஃபிரீட்லேண்டர் என்ற ஜெர்மன் வேதியியலர் 12,000 சங்குகளிலிருந்து சாயம் எடுத்துப் பார்த்தார். கிடைத்தது 1.4 கிராம். சமையலறையில் கால் தேக்கரண்டி உப்பு எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். சீதோனில் உடைத்துப் போட்ட சங்கு ஓடுகள் குன்றாகவே குவிந்து கிடந்தன. சாயப்பட்டறைகளால் தீருவில் குடியிருப்பது சகிக்காது, ஆனால் அவற்றால்தான் ஊர் பணக்கார ஊர் என்று பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதிவைத்தார். அழுகிய சங்குச் சதையின் நாற்றம். கி.பி. 301இல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையில் இந்தச் சாயமேற்றிய பட்டு ஒரு ராத்தலுக்கு 1,50,000 தெனாரி (ரோம நாணயம்).

இப்போது 18:16ஐத் திரும்ப வாசியுங்கள். சல்லாவும் இரத்தாம்பரமும் சிவப்பாடையும் தரித்தவள் என்ற வரி இனி வெறும் அலங்கார வர்ணனையாக இருக்காது. அந்தச் சிவப்பாடையும் கருவாலி மரத்தில் ஒட்டும் பூச்சியைப் பொறுக்கி, காயவைத்து, அரைத்து எடுத்த நிறம்தான்.

மற்றவற்றை வேகமாகப் பார்ப்போம். யோவான் குறிப்பாகச் சொல்லும் வாசனைக் கட்டை, வட ஆப்பிரிக்க அட்லஸ் மலைகளில் வளர்ந்த ஒரு மரம். அதில் மேசை செய்து போடுவது ரோமப் பணக்காரர்களின் பைத்தியம். ரோமப் பேச்சாளர் சிசரோ ஒரு மேசைக்கு 5 லட்சம் செஸ்டர்ஸ் (இன்னொரு ரோம நாணயம்) கொடுத்தார் என்று 1ஆம் நூற்றாண்டு ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். இலவங்கப்பட்டை எங்கே விளைகிறது என்று வாங்குகிறவர்களுக்கே தெரியாது. பெரிய பறவைகள் அந்தப் பட்டைகளால் கூடு கட்டும், கூட்டைச் சரியவைத்து எடுத்துவருவார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கதை சொன்னார். விலையை ஏற்ற வியாபாரிகள் கட்டிவிட்ட கதை இது என்று பிளினி பிற்பாடு போட்டு உடைத்தார். வண்டி என்று வரும் இடத்தில் யோவான் பயன்படுத்தும் 'ரெதே' என்ற சொல் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டிலிருந்து ரோமுக்கு வந்த நான்கு சக்கர சொகுசு வண்டியின் பெயர். நாம் கார் என்று சொல்வதுபோல, வண்டியோடு பெயரும் இறக்குமதி.

முத்துக்கு வரும்போது நம் கடற்கரையும் உள்ளே வந்துவிடுகிறது. 1ஆம் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய வழிக்குறிப்பு, பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக்குளிப்பு நடப்பதைச் சொல்கிறது. முத்தெடுக்க இறக்கப்படுகிறவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் அதே வரியில் சொல்கிறது. இதை மறந்துவிடாதீர்கள், ஐந்தாம் படியில் தேவைப்படும். தந்தமும் மேற்குக் கரையிலிருந்து போனது. வியன்னாவில் இருக்கும் 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணம் ஒன்றில், முசிறியிலிருந்து கிளம்பிய 'ஹெர்மாபொல்லோன்' என்ற கப்பலின் சரக்காகக் கங்கைக்கரை நளத தைலமும் தந்தமும் வருகின்றன. அந்தச் சரக்குக்கு ரோம அரசு வசூலித்த சுங்கம் 25 சதவீதம்.

மிளகைத் தேடுவீர்கள். இல்லை! டொமிஷியன் ரோமில் மிளகுக்கென்றே கிடங்கு கட்டிய காலம் அது, கறுப்பு மிளகு ராத்தல் 4 தெனாரி என்று பிளினி விலை சொல்கிறார், ஆனாலும் யோவானின் பட்டியலில் மிளகு கிடையாது. அதற்காக வருத்தப்பட ஒன்றுமில்லை. இந்தப் பட்டியலில் பெயர் வருவது பெருமைக்குரிய சங்கதியும் இல்லை.

நான்காம் படி: மொழிபெயர்ப்பு எங்கே வழுக்குகிறது என்று பாருங்கள்

சாம்பிராணி என்றதும் நம் மனதில் வருவது வெள்ளிக்கிழமைத் தூபக்கால், அல்லது பெட்டிக்கடையில் விற்கும் கம்ப்யூட்டர் சாம்பிராணி. நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பெயரில் தரும் பிசின் பெரும்பாலும் சுமத்ரா பக்கத்து மரத்தினுடையது. பைபிளில் வரும் பொருள் வேறு. அது தென் அரேபியாவிலும் சோமாலியாவிலும் வளரும் மரத்தின் பிசின். குந்துருக்கம் என்று கேட்டால் கிடைப்பது அதற்கு நெருக்கமானது. வெள்ளைப்போளமும் அதே பகுதிச் சரக்கு. இது தெரிந்தால்தான் ஏசாயா 60:6இல் சேபாவிலிருந்து பொன்னும் தூபவர்க்கமும் ஒட்டகத்தின்மேல் ஏன் சேர்ந்து வருகின்றன என்பது புரியும். சேபா இன்றைய ஏமன் பக்கம்.

'சல்லா' இன்று வழக்கொழிந்த சொல். மெல்லிய லினன் துணி, அதாவது ஆளிச்செடி நாரில் நெய்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். இரத்தினக் கற்களின் பெயர்களை எந்த மொழிபெயர்ப்பிலும் முழுசாக நம்பிவிடாதீர்கள், ஒரே கல் ஒருவருக்கு மரகதம், இன்னொருவருக்கு வேறு. ஊர்ப் பெயரிலும் இது உண்டு. எசேக்கியேல் 27:15இல் எபிரெயம் தேதான் என்கிறது, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ரோது தீவு என்கிறது. எபிரெயத்தில் 'த', 'ர' எழுத்துகள் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும், அதனால் வந்த வினை. 16ஆம் வசனத்தில் ஆராமா, ஏதோமா என்ற சந்தேகமும் அப்படித்தான். இதில் நேரம் போக்க வேண்டாம், நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

ஐந்தாம் படி: பட்டியலின் கடைசி வரிக்கு வாருங்கள்

என்னைக் கேட்டால் இந்தப் படிக்காகத்தான் மற்ற படிகள் எல்லாம்.

யோவானின் பட்டியல் பொன்னில் தொடங்கி, விலை இறங்கி இறங்கி, மாவு, கோதுமை, மாடு, ஆடு, குதிரை, வண்டி என்று வந்து, கடைசியில் "அடிமைகள், மனுஷருடைய ஆத்துமாக்கள்" என்று முடிகிறது. கிரேக்கத்தில் அந்த முதல் சொல் 'சோமாட்டா', அதாவது உடல்கள். அடிமைச் சந்தையில் அதுதான் வியாபாரச் சொல். இத்தனை உடல், இன்ன விலை. யோவான் அந்தச் சந்தைச் சொல்லை அப்படியே எழுதிவிட்டு, பக்கத்தில் அதைத் திருத்துவதுபோல இன்னொன்றை வைக்கிறார்: மனுஷருடைய ஆத்துமாக்கள்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இப்போது எசேக்கியேல் பட்டியலைப் பாருங்கள். 27:13இல் யாவான், தூபால், மேசேக் கொண்டுவந்தவை வெண்கலப் பாத்திரங்களும் மனிதர்களும். எபிரெயத்தில் அது 'நெஃபெஷ் ஆதாம்', மனித உயிர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் யோவான் எழுதிய அதே இரண்டு சொற்கள். எசேக்கியேலில் அது இரண்டாவது வரியில், தகரத்துக்கும் குதிரைக்கும் நடுவில், சரக்கோடு சரக்காகக் கிடக்கிறது. யோவான் அதைப் பிடுங்கிக் கடைசியில் வைத்தார். மூச்சுவிடாமல் வாசித்து வருகிறவன் இடறி விழ வேண்டிய இடம் அதுதான்.

யாவான் என்பது கிரேக்கர்கள். யோவேல் 3:6ஐ எடுத்துப் பாருங்கள். யூதாவின் புத்திரரையும் எருசலேமின் புத்திரரையும் தீருவும் சீதோனும் கிரேக்கருக்கு விற்றன என்று வழக்குப் போடுகிறார் தீர்க்கதரிசி. ஆமோஸ் 1:9இல் தீருவின் மேலுள்ள குற்றமும் சிறைப்பட்டவர்களைக் கைமாற்றியதுதான். எசேக்கியேல் ஒரே வரியில் தாண்டிப்போவதுபோலத் தெரிவது அவருடைய சொந்த ஜனங்களையும் விழுங்கிய அதே சந்தையின் கணக்கு.

யோவானுக்கும் இது தூரத்துக் கதை அல்ல. கி.பி. 70இல் எருசலேம் விழுந்த யூதப் போரில் பிடிபட்டவர்கள் 97,000 பேர் என்று அக்கால யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அதற்கு முந்தைய காலத்தில் கிரேக்கத்தின் தேலோஸ் தீவுச் சந்தை ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை இறக்கி, விற்று, அனுப்பும் அளவுக்குப் பெரியதாக இருந்தது என்பது ஸ்திராபோவின் கணக்கு. இனி பட்டியலைக் கீழிருந்து மேலாக ஒருமுறை வாசியுங்கள். வெள்ளிச் சுரங்கத்தில் யார்? அந்த மேசைக்கான மரத்தை வெட்டியது யார்? சங்கை உடைத்தது யார்? கொற்கைக் கடலில் மூழ்கியது யார்? கடைசி வரி மேலே உள்ள ஒவ்வொரு வரிக்குள்ளும் ஏற்கெனவே இருக்கிறது.

ஆறாம் படி: யார் அழுகிறார்கள், எதற்காக

18ஆம் அதிகாரத்தில் ராஜாக்கள், வியாபாரிகள், மாலுமிகள் என்று மூன்று கூட்டம் அழுகிறது. மூன்று கூட்டமும் 'தூரத்திலே நின்று' அழுகிறது, ஒருவரும் கிட்டே போகவில்லை. 11ஆம் வசனத்தில் காரணம் பளிச்சென்று இருக்கிறது: தங்கள் சரக்கை இனி வாங்குவார் இல்லையே என்று வியாபாரிகள் அழுகிறார்கள். இறந்தவர்களுக்காக அழுததாக ஒரு வார்த்தை இல்லை. இழவு வீட்டுக்கு வந்து, கொடுத்த கடன் திரும்புமா என்று விசாரிப்பவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

எசேக்கியேல் 27இல் துடுப்புக்காரர்கள் கரையில் இறங்கித் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டு உண்மையாகவே கதறுகிறார்கள். வியாபாரிகளோ 36ஆம் வசனத்தில் ஈசல் போடுகிறார்கள், அதாவது சீழ்க்கையடிக்கிறார்கள். இந்த வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உணவுப் பொருள்களை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். கோதுமை எப்படி ஆடம்பரப் பட்டியலில் வந்தது என்று சிலர் கேட்பார்கள். எகிப்தும் ஆப்பிரிக்காவும் ரோமுக்குச் சோறு போட்டன. பவுல் ஏறிய அலெக்சந்திரியாக் கப்பலே அதற்குச் சாட்சி. அப்போஸ்தலர் 27இல் 276 பேர் அந்தக் கப்பலில் இருந்தார்கள், கடைசியில் கடலில் எறிந்தது கோதுமையை. வெளிப்படுத்தல் 6:6இல் ஒருபடி கோதுமை ஒரு தெனாரி, அதாவது கூலிக்காரனின் முழு நாள் கூலி ஒரு ஆளின் ஒரு நாள் சாப்பாட்டுக்கே சரியாகிவிடும். எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே என்று கூடவே ஒரு குரல். இதையும் 18ஆம் அதிகாரத்து மாவையும் எண்ணெயையும் ஒரே பக்கத்தில் எழுதிவையுங்கள். ரோமில் எண்ணெய்ச் சாடிகளின் உடைந்த ஓடுகள் குவிந்து, சுமார் 35 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்றே இன்றும் நிற்கிறது.

ஏழாம் படி: அதே பொருள் வேறு எங்கே வருகிறது

இந்தப் படியை விட்டுவிட்டால், பட்டுச்சேலை கட்டுவதே பாவம் என்ற பிரசங்கத்தில் போய் முடியும். யாத்திராகமம் 25:4இல் ஆசரிப்புக் கூடாரத்துக்குக் கேட்கப்படுவது இளநீலநூல், இரத்தாம்பரநூல், சிவப்புநூல், மெல்லிய பஞ்சுநூல். பாபிலோன் உடுத்திய துணிகளின் நிறம்தான் ஏறக்குறைய இது. சாலொமோன் ஆலயம் கட்டியது தீருவின் கேதுருவால், தீருவின் தொழிலாளியால். தீருவின் வியாபாரம் ஒருநாள் கர்த்தருக்குப் பரிசுத்தமாகும், அவர் சமுகத்தில் இருப்பவர்கள் சாப்பிடவும் உடுத்தவும் அது பயன்படும் என்று ஏசாயா 23:18 முடிகிறது. புதிய எருசலேமைப் பாருங்கள்: தெருவே பொன், வாசல் ஒவ்வொன்றும் ஒரே முத்து. முத்து அங்கே ஒருத்தியின் கழுத்தில் இல்லை, எல்லோரும் நுழையும் வாசலில் இருக்கிறது. அஸ்திபாரத்தின் எட்டாவது கல் கிரேக்கத்தில் பெரில். அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது என்பார் பிளினி. நொய்யல் கரைக் கொடுமணலில் அந்தக் கல்லை மணியாக்கிய பட்டறைகளை அகழ்வாய்வில் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஆலயத்துக்குள் போனதாலேயே சரக்கு சுத்தமாகிவிடாது. சேபாவின் தூபவர்க்கமும் தூரதேசத்து வசம்பும் எனக்கு எதற்கு என்று எரேமியா 6:20 கேட்கிறது. எசேக்கியேல் 28:16 காரணத்தையும் சொல்லிவிடுகிறது: வியாபாரம் பெருகப் பெருக உள்ளே கொடுமை நிரம்பியது.

எட்டாம் படி: முதல் வாசகர் எங்கே நின்றார்

வெளிப்படுத்தல் போய்ச் சேர்ந்த ஏழு சபைகளும் ஆசியா மைனரின் வியாபார ஊர்களில் இருந்தன. எபேசு துறைமுகம். தியத்தீரா சாய ஊர். அப்போஸ்தலர் நூலில் வரும், இரத்தாம்பரம் விற்ற லீதியாள் அந்த ஊர்க்காரி. லவோதிக்கேயா கறுப்புக் கம்பளிக்குப் பேர்போனது, கி.பி. 60இல் நிலநடுக்கம் வந்தபோது அரசு உதவி இல்லாமல் சொந்தப் பணத்தில் எழுந்த ஊர். "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்ற 3:17 வசனத்தின் பின்னணி அது. பக்கத்து ஊரான எராப்போலியில் பிளாவியஸ் சியூக்சிஸ் என்ற வியாபாரியின் கல்லறை இன்றும் இருக்கிறது. கிரேக்கத்தின் தெற்கிலுள்ள மலேயா முனையைச் சுற்றி 72 முறை இத்தாலிக்குக் கப்பலில் போனவன் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். கல்லறையில் போட்டுக்கொள்ள அவருக்கு அதுதான் பெருமை. "அவளைவிட்டு வெளியே வாருங்கள்" என்ற 18:4 வசனத்தை இப்படிப்பட்டவர்களும் அவர்களிடம் கூலி வாங்கியவர்களும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் வாசித்தார்கள்.

வழக்கமாக விழும் குழிகள்

தர்ஷீஸ் இன்ன நாடு, மேசேக் இன்ன நாடு என்று இன்றைய செய்தித்தாளோடு பொருத்துவது முதல் குழி. தர்ஷீஸ் தெற்கு ஸ்பெயின் பக்கம் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள், அந்த அளவோடு நில்லுங்கள்.

தீரு சொன்னபடியே உடனே அழிந்தது என்று அவசரப்படுவது இரண்டாவது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் முற்றுகையிட்டும் கூலி கிடைக்கவில்லை, வீரர்களின் தலை மொட்டையாகித் தோள் தோல் உரிந்ததுதான் மிச்சம் என்று 29:18இல் எசேக்கியேலே எழுதிவைத்திருக்கிறார். கடலில் அணைபோட்டுத் தீவைப் பிடித்தது கி.மு. 332இல் அலெக்சாந்தர். தன் வாக்குக்குச் சங்கடமான வரியையும் மறைக்காத தீர்க்கதரிசியை எனக்கு அதனாலேயே பிடிக்கும்.

மூன்றாவது குழி நம்முடையது. 1 இராஜாக்கள் 10:22இல் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலுக்கு எபிரெயத்தில் 'துக்கி'. அது தமிழ்த் 'தோகை'தான் என்று கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். இருக்கலாம், அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. எப்படியிருந்தாலும் அது தீர்க்கதரிசனம் அல்ல, அதை வைத்து வெளிப்படுத்தலைத் திறக்க முடியாது.

பயிற்சிக்கு ஒன்று

முறை கைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஆமோஸ் 6:4-6ஐ எடுங்கள். மூன்றே வசனம். தந்தக் கட்டில், கன்றுக்குட்டி, கிண்ணங்களில் திராட்சரசம், உயர்ந்த எண்ணெய். நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: பொருள், எங்கிருந்து, யாருக்கு, கொடுத்தது யார். ஊர் சமாரியா, காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு. தந்தத்துக்குச் சான்று வேண்டுமென்றால், 1930களில் சமாரியாவைத் தோண்டியபோது தாமரையும் சிங்கமும் செதுக்கிய தந்தத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. எண்ணெய்க்கும் ரசத்துக்கும் சான்று அதற்கு முன்பே, 1910இல், அரண்மனைப் பக்கத்தில் கிடைத்துவிட்டது. மையால் எழுதிய பானை ஓடுகள். இன்ன வருஷம், இன்ன ஊரிலிருந்து, இன்னாருக்கு, ஒரு ஜாடி பழைய திராட்சரசம். இன்னாருக்கு, ஒரு ஜாடி சுத்திகரித்த எண்ணெய். பெற்றவர்களின் பெயர்கள் ஓட்டுக்கு ஓடு இருக்கின்றன. நான்காவது பத்தியை நிரப்ப ஆமோஸ் 2:6க்குப் போக வேண்டியிருக்கும். அங்கே விற்கப்பட்ட ஏழையின் பெயர் இல்லை, விலை மட்டும் இருக்கிறது: ஒரு ஜோடி பாதரட்சை.